417க்கு இரண்டு அட்டைகள்

டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரே ஓர் அறை. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி, சுவரோரமாக நீள நீளமாய்ப் பதினாறு மர டிராயர்கள். அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவளைத் தெருவில் எல்லாரும் 'அகராதி' என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் கீழ்க்கடை டயர்காரர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறாள் என்று வைத்தாரா, பதில் சொல்லும்போது மூக்கு கொஞ்சம் மேலே போகிறதே, அதற்காக வைத்தாரா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். அவளுடைய வீட்டுக்காரரைக் கேட்டால் மழுப்ப மாட்டார். "ரெண்டுக்கும்தான்" என்பார்.

அவள் செய்கிற வேலை என்னவென்று அவளுடைய சொந்த அக்காவுக்கே இன்னும் புரிந்தபாடில்லை. ஒரே ஒரு கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் அவளுக்குத் தொழில். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், பின்னால் எஞ்சின், முன்னால் பெட்டி வைக்கிற இடம். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு காரின் முன்மூடிக்கு அடியிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். அதில் காரின் எண், செய்த மாதம், நிறத்தின் எண், அப்புறம் வரிசையாக மூன்று மூன்று இலக்கமாய்க் குறியீடுகள். முதலில் வாங்கினவர் என்னென்ன கூடுதலாகக் கேட்டாரோ அத்தனையும் அதில் இருக்கும். 138 என்றால் பின்கண்ணாடிக்குத் துடைப்பான். 302 என்றால் தோல் இருக்கை. 455 என்றால் ரேடியோ வேண்டாம். முப்பது நாற்பது வருடம் கழித்து, நாலைந்து கை மாறி வந்த காரை வாங்குகிறவருக்கு எது பிறவியிலேயே இருந்தது, எது நடுவில் ஒட்டவைத்தது என்று தெரிந்தாக வேண்டும். சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு அகராதியிடம் வருவார்கள். அவள் படித்து, ஒரு கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுப்பாள். அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்தவர்கள் உண்டு.

அந்தக் கம்பெனியின் ஏஜென்சியில் உதிரிபாகப் பிரிவில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள். தொழிற்சாலையிலிருந்து வரும் சுற்றறிக்கையை எல்லாரும் படிக்காமல் கோப்பில் போடுவார்கள். இவள் பழைய கோப்புகளில் கிடந்ததையும் சேர்த்துப் படித்து, எண்ணுக்கு ஓர் அட்டை எழுதி அடுக்குவாள். ஏஜென்சியை மூடியபோது மற்றவர்கள் மேசைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அடித்துக்கொண்டார்கள். இவள் அட்டைகளைக் கேட்டாள். தாராளமாக எடுத்துக்கொண்டு போ என்றார்கள், குப்பைக்காரனுக்குச் சொல்லும் வேலை மிச்சம் என்று.

தொழிற்சாலைக்கு இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று, மூன்று இலக்கத்துக்கு மேல் எண்ணே போட மாட்டார்கள். ஒரு பொருளை நிறுத்திவிட்டால் அதன் எண்ணைத் தூக்கி வேறொரு பொருளின் தலையில் கட்டிவிடுவார்கள். இன்னொன்று, அங்கே வருடம் ஜனவரியில் பிறக்காது. கோடை விடுமுறைக்கு மூடிவிட்டு ஆகஸ்டில் கதவைத் திறக்கும்போதே அடுத்த வருடத்து மாடல் ஓட ஆரம்பித்துவிடும். செப்டம்பரில் செய்த காருக்கு அடுத்த வருடத்துக் கணக்கு. இது தெரியாமல் இந்தத் தொழிலில் இறங்கினவர்கள் எல்லாரும் முதலில் விழுகிற பள்ளம் இதுதான். "அங்க ஆகஸ்ட்லயே வருஷம் பொறந்துடும். அது தெரியாதவங்க இந்த எண்ணைத் தொடக் கூடாது" என்று அகராதி ஒரு நூறு பேரிடமாவது சொல்லியிருப்பாள். மூக்கு மேலே போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அவளே அந்தப் பள்ளத்தில் விழுந்தது இப்படி.

பல் டாக்டர் ஒருவர் சிவப்புக் கார் ஒன்று வாங்கியிருந்தார். நாற்பது வருடத்துக் கார். நல்ல மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கார் விஷயத்தில் மட்டும் ஐந்து வயது. பழைய கார் சங்கத்துக்காரர்கள் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது கார்களோடு மலைக்குப் போய்வருவார்கள். அதற்குள் கடிதம் வேண்டும், டயர் மாற்ற வேண்டும் என்று ஒரே பரபரப்பாக வந்து நின்றார். கீழே டயர்காரர் நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டிருந்தார். அகராதியும் படியிறங்கி வந்து நின்றாள்.

"அக்கா, இந்தச் சக்கரத்தை ஒத்தக் கையால தூக்கிட்டேன். ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றார் டயர்காரர்.

"காலையில நல்லா சாப்பிட்டிருப்பீங்க" என்றாள்.

டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எனக்கும் கொஞ்சம் யோசனையாத்தான் இருக்குக்கா. பழைய சக்கரம். புதுசா நாலு வாங்கிப் போட்டுடட்டுமா?"

அவள் சீட்டின் படத்தைப் பார்த்தாள். 417. மாதம் ஒன்பது என்று அச்சாகியிருந்தது, வருடமும் இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய அகராதியாக இருந்தால் மாடியேறிப் போய் டிராயரை இழுத்து அட்டையைக் கையில் எடுக்காமல் வாயைத் திறந்திருக்க மாட்டாள். கொஞ்ச காலமாக அவள் மனப்பாடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, நகலைக் கோப்பில் போடும்போது எப்போதாவதுதான் அட்டையை ஒப்புக்குப் பார்ப்பாள். தலைக்குள்ளேயே எல்லாம் இருக்கும்போது எதற்குப் படியேற வேண்டும்?

"417. அலுமினியச் சக்கரம். கம்பெனியே போட்டது. அதைக் கழட்டிட்டு வேற போடறதா? ஏன் டாக்டர், நல்லா இருக்கற பல்லைப் பிடுங்கிட்டு நீங்க பொய்ப்பல் வைப்பீங்களா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். டயர்காரரும் சிரித்தார். பழைய சக்கரத்திலேயே புது டயரை மாட்டினார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்ட டாக்டர், "கார்ல ஒரு இடம் காலிக்கா. ஞாயித்துக்கெழமை நீங்க வாங்க" என்றார்.

முப்பது வருடமாக இந்தக் கார்களை எண்ணிலேயே பார்த்தவள். ஒன்றில்கூட உட்கார்ந்து ஒரு தெரு போனதில்லை. ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனாலும் அவள், "எங்க வீட்டுக்காரர் வரட்டும் டாக்டர். அவருக்குத்தான் அந்த மலை தெரியும்" என்றாள்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. முப்பத்து மூன்று வருடம் அந்த மலைப்பாதையில்தான் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கினார். மொத்தம் இருபத்திரண்டு வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்வார். பதினாலாவது வளைவு இறங்கும்போது வலது பக்கம் சட்டென்று மடங்கும், வெளிப்பக்கம் அதலபாதாளம். அந்த வளைவு வந்தால் கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்த பேச்சைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவாராம். அப்படிப்பட்டவர், கைகட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு அந்த மலையில் ஒருநாள்கூடப் போனதில்லை. சங்கதியைச் சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு டயர் கடை வாசலிலிருந்து கிளம்பினார்கள். டாக்டர் அவளுடைய கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் சாத்தி வைத்திருந்தார், பார்க்கிறவர்கள் படிக்கட்டும் என்று. வீட்டுக்காரர் அவ்வளவு தாழ்வான இருக்கையில் உடம்பை மடக்கி உட்கார்ந்து, "ரோட்டுலயே உக்காந்த மாதிரி இருக்கும்மா" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். எஞ்சின் ஒரு உறுமல் உறுமியது. கார் தெருமுனை திரும்பும்வரை அவள் நின்று பார்த்தாள். மனசு நிறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாடிக்கு வந்து நிலுவை வேலைகளைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிவாக்கில் டாக்டர் கடிதத்தின் நகலைக் கோப்பில் போட எடுத்தாள். ஒப்புக்கு அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். 138 சரி. 302 சரி. 417ஐ இழுத்தபோது கையோடு இரண்டு அட்டைகள் வந்தன. ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசி குத்தி ஒன்றோடொன்று சேர்த்திருந்தது.

முதல் அட்டையில் நீல மையில், 'அலுமினியச் சக்கரம்' என்று இருந்தது, கடைசி வருடமாக டாக்டருடைய சீட்டில் இருந்த அதே வருடம். இரண்டாவதில் சிவப்பு மை. அவளுடைய கையெழுத்துத்தான். 'அடுத்த வருட மாடலிலிருந்து: மெக்னீசியம் சக்கரம். பந்தயத்துக்காகச் செய்தது. எடை பாதி. பத்து வருடத்துக்கு மேல் சாலையில் ஓட்டக் கூடாது. பெயின்டுக்கு அடியில் அரிக்கும். வெளியே தெரியாமல் உடையும்.' கடைசி வரிக்கு அடியில் அவளே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

சீட்டின் படத்தைப் பார்த்தாள். மாதம் ஒன்பது. செப்டம்பர்.

ஒத்தக் கையால தூக்கிட்டேன் என்று டயர்காரர் சொன்னது காதுக்குள் கேட்டது.   வீட்டுக்காரருடைய எண்ணைப் போனில் அழுத்தினாள். அதே அறையில், ஜன்னலோரம், செய்தித்தாளுக்கு அடியில் போன் அடித்தது. காலையில் வந்தபோது அங்கே வைத்துவிட்டு மறந்து போயிருக்கிறார்.  நிறுத்தக்கூடத் தோன்றாமல், அது தானாக ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருடைய போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும். ஆறாவது தடவையும் அந்தப் பதிவுக்குரல் ஒரே மாதிரிப் பொறுமையாகப் பேசியது. அந்தப் பொறுமையைக் கேட்டபோது போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் கடை. ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த டயர்காரர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "என்னாச்சுக்கா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றார்.

"அந்தச் சக்கரம்... மெக்னீசியம். நான் தப்பாச் சொல்லிட்டேன். எப்ப வேணா உடையும்."

 டயர்காரர் அன்றைக்குத் தான் சொன்னதை நினைவுபடுத்தவில்லை. அந்த மனிதருக்கு அதற்காகவே ஒரு கும்பிடு போட வேண்டும். மலை உச்சியில் சங்கத்துக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலின் எண்ணைப் போனில் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"ஓட்டலா? அங்க பழைய கார்க்காரங்க சாப்பிடறாங்களே, அதுல ஒரு சிவப்புக் கார்... அதை எடுக்க வேணாம்னு சொல்லணும்ப்பா."

"சிவப்புக் கார் நாலு வந்திச்சே மேடம். எந்த சிவப்பு?"

"பல் டாக்டர் வண்டி!"

"டாக்டரான்னு எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? சாப்பாடு சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. பாதிப் பேரு கிளம்பிட்டாங்க. மீதிப் பேரு போட்டோ எடுத்துட்டு..." என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்தது. அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை.

ஏற்றத்தில் அவ்வளவு பயமில்லை. இறக்கத்தில்தான் பிரேக்கின் பாரம், வளைவின் பாரம் எல்லாம் சக்கரத்தின் மேல் வந்து உட்காரும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்து தொலைத்திருக்கிறதே என்றிருந்தது.

டயர்காரர் தன் லோடு வண்டியை எடுத்தார். அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஊரைத் தாண்டி மலையடிவாரத்துக்கு முக்கால் மணி நேரம்.  மடியில் 417இன் இரண்டு அட்டைகளும் இருந்தன, எடுத்து வந்ததே தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். மனசு கண்டதையெல்லாம் நினைத்தது. இஸ்திரி போட்ட சட்டையை நினைத்தது. போகட்டும், ஒரு கை ஒரு கால் போனாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும் என்று பேரம் பேசியது. அப்புறம், டாக்டருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்பது ஞாபகம் வந்து, தன் வீட்டுக்காரரை மட்டும் நினைத்ததற்காக வெட்கப்பட்டது. டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டாரே, மாற்றிவிடட்டுமா என்று. பயந்தவர் அவர். அந்தப் பயத்தைச் சிரிக்கவைத்து விரட்டியவள் இவள்.

இரண்டாவது வளைவில் சங்கத்துக் கார் ஒன்று எதிரே இறங்கி வந்தது. பச்சை நிறம். டயர்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிவப்பு வண்டி, பல் டாக்டரு... பார்த்தீங்களா?"

"மேல நின்னுட்டிருக்காங்க. அவர்கூட வந்த பெரியவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நிறுத்தியிருக்காங்க. பின்னாடி வர்றவங்க பார்த்துக்கறோம்னாங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டான்.

என்னமோ ஆயிடுச்சு. அகராதிக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. எல்லா அர்த்தமும் ஒரே சமயத்தில் தெரிந்தது.  "வேகமாப் போங்க" என்றாள்.

வளைவுகளை எண்ணத் தொடங்கினாள். எட்டு. ஒன்பது. பத்தாவது வளைவில் ஏழெட்டுப் பேர் ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்து குதித்தாள். செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. ஓடிப்போய்ச் சுவரில் மோதிக்கொண்டு நின்று கீழே பார்த்தாள். மரங்கள். பனி. ஒரு பெண் போனை நீட்டி, "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? அந்த அருவி தெரியணும்" என்றாள். அருவிதான். அருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டயர்காரர் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டார். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

பதினாலாவது வளைவுக்குக் கொஞ்சம் மேலே, மலைச்சுவரை ஒட்டி, சிவப்புக் கார் நின்றது. நாலு சக்கரத்திலும் நின்றது. பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வீட்டுக்காரர் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரிச் சட்டை கசங்கி, முன்னால் நனைந்து கிடந்தது. டாக்டர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

"வாங்கக்கா! பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. அண்ணனுக்கு வாந்தி. இதோட ரெண்டு தடவை. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்னு..." அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "ஆமா, நீங்க எப்படி இங்க?"

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு அட்டைகளையும் டாக்டரிடம் நீட்டினாள்.

"தப்பு என்னோடது டாக்டர். அட்டையைப் பார்க்காமச் சொல்லிட்டேன். இந்தச் சக்கரத்துல ஒரு அடி கூட ஓட்டாதீங்க."

டயர்காரர் பேச்சை வளர்க்கவில்லை. ஜாக்கியை எடுத்து வந்து இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். வலது பக்கம் மடங்கும்போது பாரம் முழுக்க அதில்தான் விழும். குப்புறப் போட்டு, துணியால் அழுக்கைத் துடைத்தார். நட்டு மாட்டுகிற துளைக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, விரல் நீளத்துக்கு ஒரு கோடு வளைந்து போயிருந்தது. நகத்தை வைத்தார். நகம் உள்ளே போனது.

 டாக்டர் பதினாலாவது வளைவைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அது நூறு அடிகூட இருக்காது. கோபம் இல்லாமல், ஏதோ வலி எங்கே என்று விசாரிக்கிற குரலில், "நான் மாத்திடறேன்னு கேட்டேனேக்கா" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

காரை ஏற்றிக்கொண்டு போகப் பெரிய வண்டிக்குச் சொல்ல, டயர்காரர் போனில் சிக்னல் கிடைக்கிற இடம்வரை நடந்து போனார். டாக்டர் சங்கத்து நண்பர் ஒருவருடைய காரில் இறங்கினார். இவர்கள் மூவரும் லோடு வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். வழியில் டயர்காரர்தான் பேச்சைத் தொடங்கினார். "ஏண்ணே, முப்பத்து மூணு வருஷம் இதே ரோட்டுல ஸ்டியரிங் பிடிச்ச ஆளு. உங்களுக்கு வாந்தியா?" வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வயசாயிடுச்சுப்பா" என்றார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அவள் கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்டாள். "கஞ்சி எதுக்கு? சோறு இல்லையா?" என்றவர் தட்டைப் போட்டு உட்கார்ந்தார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது தடவை குழம்பு ஊற்றும்போது அவளுடைய கை நின்றது.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. வாந்தி எடுத்த ஆளா நீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எடுத்தேன். வாயில விரலை விட்டுக்கிட்டு எடுத்தேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏறும்போது முதல் வளைவுலயே தெரிஞ்சுதும்மா. வலது பக்கம் ஒடிக்கறப்பல்லாம் டிக்டிக்னு ஒரு சத்தம். தரை வழியாக் காலுக்கு ஒரு நடுக்கம் வரும். டாக்டர் எஞ்சின் சத்தத்துல மயங்கிக் கிடக்கறார், அவருக்குக் கேக்கல. இறங்கறப்ப அது ஜாஸ்தியாச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அத்தனை வளைவும் உக்காந்துட்டு வந்தீங்களா? ஏங்க சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் லெட்டர் என் கண்ணுக்கு முன்னாடியே இருக்கு, உன் கையெழுத்தோட. சக்கரம் நல்ல சக்கரம்னு நீ எழுதியிருக்க. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? என் காதுதான் போயிடுச்சு போலிருக்குன்னு நினைச்சேன். ரிட்டயர் ஆனவன், கைகால்ல நடுக்கம் இருக்கும்னு நினைச்சேன். ஆனா பதினாலு வருதுன்னதும் மனசு கேக்கல. தப்பு சொல்லி அந்த மனுஷன் முன்னாடி உன்னை விட்டுக்கொடுக்கவும் முடியல. அதான்..." விரலை வாய்க்கு நேரே காட்டிவிட்டு, அதே விரலால் மறுபடி பிசையத் தொடங்கினார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. மத்தியானத்திலிருந்து பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அறுபது உயிரை ஏற்றிக்கொண்டு முப்பத்து மூன்று வருடம் ஒரு கீறல் இல்லாமல் இறக்கிய மனிதர். அந்தக் காதையும் அந்தக் காலையும் அவரையே சந்தேகப்பட வைத்திருக்கிறது, அவள் போட்ட ஒரு கையெழுத்து. டயர்காரருடைய கை சொன்னது, டாக்டருடைய மனசு சொன்னது, இவருடைய உடம்பே சொன்னது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், அகராதி சொல்லிவிட்டாளே என்று. இன்னும் எத்தனை பேர் மூடிக்கொண்டிருக்கிறார்கள்?

மறுநாள் காலை முதல் வேலையாக அலமாரியைத் திறந்தாள். அட்டை பார்க்காமல் எழுதின காலத்துக் கடிதங்களை மட்டும் தனியே எடுத்தாள். அதில் டாக்டர் கார் செய்த அதே வருடம் ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் நடுவே செய்த கார்களைப் பிரித்தாள். அதில் 417 இருப்பவை நாலு. மேசையில் வரிசையாக வைத்தாள்.

முதல் கோப்பு ஓர் அச்சகக்காரருடையது. போனை எடுத்ததும், "அக்கா! என்ன காலங்காத்தால?" என்று ஒரே உற்சாகம். அவள் விஷயத்தைச் சொன்னாள். சக்கரம் தப்பு, நான் எழுதினது தப்பு, காரை எடுக்காதீங்க.

அவர் சிரித்தார். "நீங்க எழுதினது தப்பா? விளையாடாதீங்கக்கா. சட்டம் போட்டு மாட்டியிருக்கேன், இப்பக்கூட எதிர்லதான் இருக்கு. நீங்களே சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

சிரிப்புக்குப் பின்னால், போனுக்குள், ஓர் எஞ்சின் உறுமியது. அந்த உறுமல் அவளுக்குத் தெரியும்.

"யாரு... யாரு வண்டியை எடுக்கறது?"

"மருமகதான். பேத்தியை ஸ்கூல்ல விடப் போறா. ஒரு நிமிஷம், டாட்டா சொல்லிட்டு வரேன்..."

அவளுக்கு 417 மறந்துபோனது, செப்டம்பர் மறந்துபோனது, என்ன சொன்னால் அவர் நம்புவார் என்று தேட நேரமும் இல்லை. வாயைத் திறந்தாள், உள்ளேயிருந்து ஒரு கதறல் வந்தது. கீழே டயர்காரர் படியேறி ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அலறி அழுதாள்.

"அக்கா? அக்கா, அழறீங்களா? என்னக்கா இது..." அச்சகக்காரருடைய குரல் மாறியது. போனை வாயிலிருந்து விலக்கி அவர் கத்துவது கேட்டது. "ஏய், நில்லு! வண்டியை ஆஃப் பண்ணு! இறங்கு, பாப்பாவை இறக்கு!"

எஞ்சின் சத்தம் நின்றது.

அகராதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்ததும் இரண்டாவது கோப்பை எடுத்து, எண்ணைப் பார்த்து அழுத்தினாள்.